பாட்டுக்கு வாய்ப்பூட்டு!

ஒரு பாட்டு. மூன்று நிமிஷம் சொச்சம். அதைக் கேட்டு பிரிட்டனின் பெரிய ரேடியோ நிலையம் காதைப் பொத்திக் கொண்டது. மக்களின் காதையும் பொத்தப் பார்த்தது. நடந்தது 2017 ஜூன் மாதத்தில். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று தன்னைத் தானே மெச்சிக் கொள்ளும் தேசத்தில்!

பாட்டின் பெயர் ‘லையர் லையர்’. பொய், பொய் என்று ஒருவரைப் பார்த்துக் கைநீட்டிச் சொல்லுகிற பாட்டு. அந்த ஒருவர் அப்போது பிரதம மந்திரியாக இருந்த தெரசா மே அம்மையார். பாடியவர்கள் ‘கேப்டன் ஸ்கா’ என்ற லண்டன் வாத்தியக் கோஷ்டியினர். அம்மையார் மேடையில் பேசிய பேச்சுக்களையே துண்டு துண்டாக வெட்டிப் பாட்டுக்கு நடுவே ஒட்டியிருக்கிறார்கள். அவர் சொன்னதை அவர் குரலிலேயே கேட்கலாம். அடுத்த விநாடி கோஷ்டி பதில் சொல்லும். நம் ஊர்த் திருவிழாக்களில் எதிர்ப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. நான் பத்தாவது வரை ஆங்கிலம் படித்தவன். சங்க ஆபீஸில் ஒரு தோழரின் போனில் மூன்று தடவை போடச் சொல்லித்தான் வார்த்தைகள் பிடிபட்டன. அர்த்தம் முதல் தடவையே பிடிபட்டு விட்டது.

என்ன பொய் சொன்னார் அம்மையார்? பதவிக்கு வந்தது 2016 ஜூலையில். 2020 வரை பொதுத் தேர்தல் கிடையாது என்றார். ஒரு தடவையல்ல, பல தடவை சொன்னார். 2017 ஏப்ரல் 18-ந் தேதி வாசலில் வந்து நின்று, ஜூன் 8-ந் தேதி தேர்தல் என்றார்! எதிர்க்கட்சி பலவீனமாயிருக்கிறது, இதுதான் சமயம் என்ற கணக்கு. மே 18-ந் தேதி தேர்தல் அறிக்கை வந்தது. அதில் முதியோர் பராமரிப்புச் செலவுக்கு அவர்களுடைய வீட்டின் மதிப்பையே கணக்கில் எடுப்போம் என்ற திட்டம் இருந்தது. ஊர் கொதித்தது. நாலே நாளில் பின்வாங்கினார். பின்வாங்கிய கையோடு, எதுவும் மாறவில்லை என்று சாதித்தார். பாட்டுக் கட்டியவர்கள் மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனால் வயிற்றெரிச்சல் இதிலெல்லாம் இல்லை. நர்ஸுகள் விஷயத்தில்தான் இருக்கிறது. பாட்டும் அதைத்தான் பிடித்துக் கொள்கிறது.

‘உணவு பாங்கி’ என்று அங்கே ஒன்று உண்டு. பாங்கி என்றதும் பணம் போட்டு எடுக்கிற இடம் என்று நினைத்து விடாதீர்கள். நம் நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி வைத்தோமே, அதற்குச் சீமையில் வைத்திருக்கும் பெயர் அது. டாக்டரோ, பள்ளிக்கூடமோ, தர்ம ஸ்தாபனமோ சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டை நீட்டினால் மூன்று நாளைக்குச் சாமான் ஒரு பையில் கிடைக்கும். டிரஸல் டிரஸ்ட் என்ற ஒரு ஸ்தாபனம் மாத்திரம் 2010-11-ல் சுமார் 61,000 தடவை இப்படிப் பை கொடுத்தது. 2016-17-ல் எத்தனை தெரியுமா? 11 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல்! இடையில் பஞ்சம் வந்ததா, யுத்தம் வந்ததா? இல்லை. டோரி சர்க்காரின் ‘சிக்கனம்’ வந்தது. பாங்கி முதலாளிகள் 2008-ல் சூதாடித் தோற்றதற்கு ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் சிக்கனம்! அரசாங்க ஊழியர் சம்பளத்தை முதலில் இரண்டு வருஷம் உறைய வைத்தார்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு கட்டினார்கள். விலைவாசிக்கு யாரும் உச்சவரம்பு கட்டவில்லை.

நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்த நர்ஸ், கையில் சீட்டோடு அந்தக் கியூவில் நின்றாள். 2017 ஏப்ரல் 30-ந் தேதி டெலிவிஷன் பேட்டியில் இதைக் கேட்டபோது அம்மையார் சொன்ன பதில்: ஜனங்கள் உணவு பாங்கிக்குப் போவதற்குச் சிக்கலான பல காரணங்கள் உண்டாம்! பசிக்கிறவனைப் பார்த்து, உன் பசி சிக்கலானது என்பவர்களை என்னவென்று சொல்வது? ஜூன் 2-ந் தேதி ஒரு நர்ஸே நேருக்கு நேர் எழுந்து, தன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டாள். உலுக்கினால் பணம் உதிரும் மாய மரம் எதுவும் நம்மிடம் இல்லை என்றார் பிரதமர். அந்த மரத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

அதே ஜூன் 2-ந் தேதிதான் பிரிட்டனின் அந்த வார விற்பனைப் பட்டியல் வெளியாயிற்று. எந்தப் பாட்டு அதிகம் விற்றது, எவ்வளவு கேட்கப்பட்டது என்று வாராவாரம் போடுகிற பட்டியல். இப்போது இசைத்தட்டு வாங்க வேண்டியதில்லை. சில்லறையைக் கட்டி போனிலேயே இறக்கிக் கொள்ளலாம். பெரிய கம்பெனி எதுவும் முதுகில் தட்டாத இந்தப் பாட்டு நாலாவது இடத்தில் நின்றது! வந்த பணத்தைக் கோஷ்டி பங்கு போட்டுக் கொள்ளவில்லை. உணவு பாங்கிகளுக்கும், சிக்கனத்தை எதிர்த்துப் போராடும் மக்கள் பேரவைக்கும் கொடுப்பதாக முன்பே அறிவித்திருந்தது.

பட்டியலில் உள்ள பாட்டுக்களைப் போடுவது ரேடியோவின் வழக்கம். பி.பி.சி. என்ன சொல்லிற்று? பாட்டைத் தடை செய்யவில்லையாம். தேர்தல் காலமானதால் நடுநிலை தவறக் கூடாதாம். ஆகையால் ஒலிபரப்ப மாட்டார்களாம். கையைக் கட்டவில்லை, விரல்களைத்தான் கட்டியிருக்கிறோம் என்பது போல இருக்கிறது! தனியார் ரேடியோவும் இதே சாக்கைச் சொல்லி ஒதுங்கிக் கொண்டது.

நியாயமாகப் பேசுவோம். தேர்தல் சமயத்தில் ரேடியோ பட்சபாதம் காட்டக் கூடாதென்று அங்கே விதி இருப்பது வாஸ்தவம். நாளைக்கு ஒரு கோடீஸ்வரன் தொழிலாளி கட்சித் தலைவரைத் திட்டிப் பாட்டுப் போட்டு, தானே லட்சக்கணக்கில் வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று சில நண்பர்கள் கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் கோடீஸ்வரனுக்கு ரேடியோ எதற்கு? அவனிடம் பத்திரிகை இருக்கிறதே! ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் ‘டெய்லி மெயில்’ பதின்மூன்று பக்கம் ஒதுக்கி கார்பினையும் அவருடைய சகாக்களையும் பயங்கரவாதிகளின் தாசர்கள் என்று வசைபாடியது. பதின்மூன்று பக்கத்துக்கு நடுநிலை விதி கிடையாது. மூன்று நிமிஷப் பாட்டுக்கு உண்டு. முதலாளி பேசினால் அபிப்பிராயம், வேலைக்காரன் பாடினால் பட்சபாதம். இதுதான் அவர்கள் தராசு!

பி.பி.சி.க்கு இது பழக்கதோஷம். அயர்லாந்தை ஐரிஷ்காரரிடமே கொடுங்கள் என்று 1972-ல் பால் மெக்கார்ட்னி பாடினார். அதற்குத் தடை. 1977-ல் ராணியின் வெள்ளி விழாவைப் பரிகசித்து ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ கோஷ்டி பாடிற்று. அதற்கும் தடை; ஆனாலும் பட்டியலில் இரண்டாவது இடம். 2013-ல் தாட்சர் இறந்தபோது, சூனியக்காரி செத்தாள் என்ற பழைய சினிமாப் பாட்டை ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். பி.பி.சி. அதில் ஐந்து விநாடி போட்டது. சாவைக் கொண்டாடுவதை நான் மெச்ச மாட்டேன். ஆனால் 1984-85-ல் ஒரு வருஷம் சுரங்கத் தொழிலாளர் வயிற்றில் அடித்தவர் அவர். அந்த ஊர்களில் கண்ணீரை எதிர்பார்த்தவன் மூடன்.

பார்லிமெண்டில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? ஓர் அங்கத்தினர் இன்னொருவரைப் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னதை வாபஸ் வாங்காவிட்டால் வெளியே போக வேண்டும். பொய் சொன்னவர் உள்ளேயே இருக்கலாம்! பழைய சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் 2016 ஏப்ரலில் பிரதம மந்திரி காமரூனைத் தகிடுதத்தக்காரர் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். வாபஸ் வாங்கு என்றார் சபாநாயகர். ஸ்கின்னர் அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

இந்த ‘ஸ்கா’ சங்கீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜமைக்காவில் 1950-களின் கடைசியில் பிறந்தது. தாளத்தின் மேலே விழாமல் இடையிலே விழுகிற அடி. கால் சும்மா இருக்காது. அங்கிருந்து பிரிட்டனுக்குப் பிழைக்க வந்த கறுப்புத் தொழிலாளர் கொண்டு வந்தது. 1948-ல் ‘விண்ட்ரஷ்’ கப்பலில் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரியில் உழைத்தார்கள். கார் தொழிற்சாலை ஊரான கவென்ட்ரியில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கோஷ்டியாகச் சேர்ந்து வாசித்தார்கள். அந்த ‘ஸ்பெஷல்ஸ்’ கோஷ்டி 1981-ல் வேலையில்லாத் திண்டாட்டத்தால் பாழடைந்த ஊரைப் பாடி முதலிடம் பிடித்தது. மே அம்மையார் உள்நாட்டு மந்திரியாக இருந்தபோது வகுத்த குடியேற்றக் கொள்கை, அந்த விண்ட்ரஷ் தலைமுறையின் பிள்ளைகளைப் பார்த்தே தஸ்தாவேஜு எங்கே என்று கேட்டது. ஐம்பது வருஷம் உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள், காவலில் கிடந்தார்கள். குறைந்தது 83 பேர் அநியாயமாக நாட்டை விட்டே அனுப்பப்பட்டார்கள். 2018-ல் குட்டு உடைந்தது. யாரை விரட்டினாரோ அவர்களுடைய தாளத்திலேயே அம்மையாருக்குப் பாட்டு!

பாட்டில் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். இதே பாட்டு முதலில் 2010-ல் வந்தது. அப்போது பொய்யர்கள் காமரூனும் கிளெக்கும். மாணவர் கட்டணத்தை உயர்த்த விட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிளெக் கட்சியைக் கூட்டு வைத்துக் கொண்டு, அதே ஆண்டு டிசம்பரில் கட்டணத்தை 9,000 பவுன் வரை ஏற்ற வழி செய்தார்கள். ஏழு வருஷம் கழித்து ஆளை மாற்றினால் பாட்டு அப்படியே பொருந்துகிறது! பொய் அம்மையாரின் சுபாவம் அல்ல. அவர் சேவை செய்த வர்க்கத்தின் தேவை. இதைப் பாட்டு சொல்லவில்லை. அதற்காக, பாட்டால் என்ன ஆகும் என்று உதட்டைப் பிதுக்கும் மேதாவிகளோடு நான் சேர மாட்டேன். ஒன்றும் ஆகாத பாட்டுக்கா இத்தனை பூட்டு?

ஜூன் 8-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள். டோரிகளுக்கு 317 ஸ்தானம், பெரும்பான்மை பறிபோயிற்று. தொழிற்கட்சி 232-லிருந்து 262-க்கு ஏறியது. இது பாட்டினால் வந்ததென்று நான் சொல்லவில்லை. வீடு வீடாக நடந்த கால்களால் வந்தது. ஆட்சி பிழைக்க வட அயர்லாந்தின் டி.யூ.பி. கட்சியிலிருந்து பத்து பேர் தேவைப்பட்டார்கள். ஜூன் 26-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுன்! நர்ஸுக்கு இல்லாத மாய மரம், நாற்காலிக்கு உலுக்கினதும் உதிர்த்தது. இரண்டு நாள் கழித்து, சம்பள உச்சவரம்பை எடுக்க வேண்டுமென்ற தொழிற்கட்சித் திருத்தத்தை 323-க்கு 309 என்று தோற்கடித்தார்கள். தோற்கடித்ததும் டோரி பெஞ்சுகளில் சிலர் ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சத்தத்தை நாடே கேட்டது.

மே அம்மையார் 2019 ஜூலையில் பதவியை விட்டுப் போனார். நர்ஸுகள் எங்கும் போகவில்லை. அவர்களுடைய ராயல் காலேஜ் 1995 வரை வேலைநிறுத்தமே கூடாதென்று கொள்கை வைத்திருந்த சங்கம். 2022 டிசம்பர் 15-ந் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஆஸ்பத்திரி வாசல்களில் மறியலுக்கு வந்து நின்றது. பனிக் குளிரில், கையில் அட்டைகளோடு நின்றார்கள்.