வானத்தில் போவதற்கும் ஒரு பெயர் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இரணைமடுப் பக்கம் எங்கள் தலைமுறைக்கு விமானங்களைச் சத்தத்தால்தான் தெரியும். கிபிர் என்றால் ஓடிப் பதுங்க வேண்டும், வண்டு என்றால் மேலே நின்று யாரோ பார்க்கிறார்கள். யார் என்று கேட்க வழியில்லை. எங்கள் பிள்ளைகளோ பயணிகள் விமானத்தில் உள்ள எழுத்துகளைக் காட்டி, "அது என்ன சேர்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

1944 சிக்காகோ உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரைப்படி, நாடு விட்டு நாடு பறக்கும் ஒவ்வொரு சிவில் விமானமும் தன் நாட்டுக் குறியையும் பதிவுக் குறியையும் தாங்க வேண்டும். இலங்கைக்கு 4ஆர், இந்தியாவுக்கு வி.டி. பிரித்தானியர் காலத்தில் எங்களுக்கு வி.பி.-சி. இலங்கை விமானமொன்றில் 4ஆர், ஒரு சிறு கோடு, பிறகு மூன்று எழுத்துகள் இருக்கும். இறக்கையின் கீழே அவை 50 சென்றிமீற்றராவது உயரமாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதியவும் முடியாது.

விரும்பிய எழுத்தையெல்லாம் எடுக்கவும் முடியாது. எஸ்.ஓ.எஸ்., பான் போன்ற ஆபத்து, அவசர அழைப்புகளோடு குழம்பக்கூடியவை கூடாது. கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளோடு குழம்புபவையும் கூடாது. காரணம், இந்தப் பதிவுக் குறியையே வானொலியில் அழைப்புப் பெயராகவும் சொல்லலாம். முதல் அழைப்பில் முழுப் பெயரையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சுருக்கிக் கூப்பிட்ட பிறகுதான் விமானியும் சுருக்கலாம். இடைவழியில் பெயரை மாற்றவும் முடியாது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள் குழப்பினால், கட்டுப்பாட்டாளர் சொன்னால் மட்டும் தற்காலிகமாக மாற்றலாம்.

இவ்வளவு கண்டிப்பும் ஒரு விடயத்துக்காகத்தான்: மேலே போவது யாருடையது என்று கீழே நிற்பவனுக்குத் தெரிய வேண்டும். இராணுவ விமானங்களை அந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. எங்களை ஓட வைத்தவை அந்த வகைதான். பதில் சொல்ல ஆளில்லாத வானம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது கலியாண வீட்டிலும் வயலிலும் ட்ரோன் பறக்கிறது. தொழில் நல்லது, நான் எதிரியல்ல. ஆனால் மிகச் சிறிய விளையாட்டு வகைகள் தவிர்ந்தவற்றைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிந்து, அனுமதியோடுதான் பறக்கவிட வேண்டும். "சின்னச் சாமான்தானே" என்று தம்பிமார் சிலர் சொல்வது சரியில்லை. மோட்டார் சைக்கிளுக்கு இலக்கத் தகடு கேட்கும் நாங்கள், கிணற்றடிக்கு மேலே வந்து நிற்கும் கமராவுக்கு ஏன் கேட்கக்கூடாது?

அந்தச் சத்தம் கேட்டு இன்றும் நெஞ்சு படபடக்கும் அம்மாமார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பறக்கவிடும் தம்பிமாரே, பதியுங்கள். இலக்கத்தை அதில் தெளிவாக ஒட்டுங்கள். பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். "இது யாருடையது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.