கிணற்றில் இறங்கிய உப்பு

ஆஸ்திரேலியாவில் நியூகாசில்னு ஒரு துறைமுக ஊர். உலகின் பெரிய நிலக்கரித் துறைமுகங்களில் ஒன்று. 1799-இல் அங்கிருந்து முதல் நிலக்கரி கப்பலேறிப் போனது நம்ம வங்காளத்துக்குத்தான். இப்படி ஒரே சரக்கில் பேரெடுத்த ஊர்களைப் பற்றிப் படித்தால் எனக்கு எங்க மேல்விஷாரம் ஞாபகம் வந்துவிடும். எங்க சரக்கு தோல்.

அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். அப்புறம் குரோமியம் வந்தது. அதையாவது சுத்திகரிப்பு நிலையத்தில் பிரித்துவிடலாம். பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பு லேசில் பிரியாது. அது பாலாற்று மணலில் இறங்கி என் கிணறு வரைக்கும் வந்துவிட்டது. ஜீவாமிர்தம் விடுகிறேன், மூடாக்கு போடுகிறேன். பாய்ச்சுகிற தண்ணியே கரிக்கிறதே! தென்னை ஓலை நுனி கருகித்தான் வருகிறது.

1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம்.

ஆலைகளை மூடச் சொல்லவில்லை. எங்க பங்காளி வீட்டுப் பிள்ளைகளே அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் பணம் மட்டும் போதாது. கிணறு கிணறாகத் தண்ணீரைப் பரிசோதித்து, முடிவை ஊர்ப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இந்தப் பக்கம் இயற்கை விவசாயத்துக்கு வர நினைக்கிறவங்க, நாட்டு மாடு வாங்குறதுக்கு முன்னால கிணற்றுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போங்க. கோடையில் ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை.