பூவாம்… பாயாம்… லெக்கிங்ஸாம்! பிரித்துப் பார்த்தால் சீனப் பட்டாசு. ஒன்றிய அரசே, பதில் சொல்!

2025 அக்டோபர். தீபாவளிக்கு முந்தின வாரம். தூத்துக்குடி துறைமுகத்தில் இரண்டு 40 அடி கண்டெய்னர்கள். பேப்பரில் எழுதியிருந்தது "பொறியியல் சாமான்கள்". கதவைத் திறந்தால் முன்வரிசையில் சிலிக்கான் சீலன்ட் கன். அதுக்குப் பின்னாடி 83,520 சீனப் பட்டாசுகள்! பிடிபட்ட சரக்கின் மொத்த மதிப்பு 5.01 கோடி ரூபாய்.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கே தெரியாத பொறியியல் சாமான் இது!

அதே மாதம் மும்பை நவசேவா துறைமுகத்தில் "லெக்கிங்ஸ்" என்று வந்த கண்டெய்னரில் 46,640 பட்டாசுகள். அதுக்கு முன்னாடி ஜூலையில் நவசேவா, முந்த்ரா, காண்ட்லாவில் "அலங்காரச் செடி, செயற்கைப் பூ, பிளாஸ்டிக் பாய்" என்ற பெயரில் 100 டன். மதிப்பு 35 கோடி.

பிடித்த வருவாய் புலனாய்வு அதிகாரிகளுக்கு நம் பாராட்டு. ஆனால் நம் கேள்வி பிடிபட்டதைப் பற்றி இல்லை. பிடிபடாமல் போனது எவ்வளவு?

இது எப்படி நடக்குது? கொஞ்சம் பொறுமையா படிங்க.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஒரு எண் உண்டு. பட்டாசுக்கு 3604. தீப்பெட்டிக்கு 3605. லைட்டருக்கு 9613. எவ்வளவு வரி, உரிமம் வேணுமா, தடை இருக்கா, எல்லாத்தையும் முடிவு பண்றது அந்த எண்தான். அந்த எண்ணை முதலில் எழுதுறது யாரு? இறக்குமதி பண்றவரேதான். 2011 முதல் சுயமதிப்பீடுதான் நடைமுறை. எல்லாக் கண்டெய்னரையும் திறப்பதும் இல்லை. எதைத் திறக்கணும்னு கம்ப்யூட்டர் ரிஸ்க் கணக்குப் போட்டுச் சொல்லும்.

உங்க காதுல இருக்கிற ப்ளூடூத் இயர்பட்ஸையே எடுத்துக்கோங்க. இது ஹெட்போன், அதனால 8518 என்று ஒரு வாதம். இல்லை, வயர் இல்லாமல் சிக்னல் அனுப்பி வாங்குற கருவி, அதனால 8517 என்று இன்னொரு வாதம். அமெரிக்கச் சுங்கம் ப்ளூடூத் ஹெட்செட்டை 8517-ல்தான் வைக்குது. ஒரே பொருள், ரெண்டு வீடு. பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி வழக்குகளுக்கு வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் வாதாடும். அது நேர்மையான சந்தேகம், வாதாடட்டும். ஆனா பட்டாசைப் பூன்னு எழுதுறது சந்தேகமா? பச்சை மோசடி!

அடுத்து லைட்டர் கதை. இது இன்னும் கொடுமை.

ஒரு பிளாஸ்டிக் லைட்டர் வந்தா ஏறக்குறைய 20 தீப்பெட்டி விற்பனை போச்சு என்கிறார்கள் தொழில் செய்பவர்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் அந்தத் தீப்பெட்டியை நம்பி இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். லைட்டரைத் தடை செய்யச் சொல்லித் தமிழ்நாடு கெஞ்சியது. 2023 ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு என்ன செய்தது? முழுத் தடை இல்லை. இறக்குமதி விலை 20 ரூபாய்க்குக் குறைவா இருந்தா மட்டும் தடை!

அதாவது, 21 ரூபாய்னு எழுதிட்டா உள்ளே வரலாம். டீக்கடையில 10, 15 ரூபாய்க்குத் தொங்குற லைட்டர், துறைமுகத்துக்கு 20 ரூபாய்க்கு மேல எப்படி வந்து இறங்கும்?

"அது இங்கேயே பூட்டினது" என்பார்கள். சரி, உதிரி பாகம் எங்கிருந்து வந்தது? லைட்டரைத் தடுத்துவிட்டு உதிரி பாகத்துக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தது யார்? 2024 அக்டோபரில்தான் உதிரி பாகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. நடுவில் 15 மாதம்!

சுங்க வகைப்பாட்டு விதி 2(அ) என்ன சொல்லுது தெரியுமா? ஒரு பொருளைப் பூட்டாமல் பிரித்துக் கொண்டு வந்தாலும் அதை முழுப் பொருளாகவே கணக்கில் எடுக்கணும். ஒரே சரக்கில் வந்தால் இந்த விதியே போதும். தனித்தனி கண்டெய்னரில் பிரித்து அனுப்பினால் நழுவிப் போகலாம். இந்த ஓட்டை டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்குத் தெரியாதா?

இப்போ நம்ம ஊரைப் பாருங்க.

சிவகாசியில் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடி 1992-லிருந்தே கூடாது, ஏன்னா லேசா உரசினாலே பத்திக்கும். ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. மீறினா உரிமம் காலி. விதி வேண்டாம்னு நாம சொல்லவே இல்லை. இங்கே வெடிவிபத்தில் போனது நம்ம வீட்டு உயிர்கள். விதி கட்டாயம் வேணும்.

ஆனா கந்தக மண்ணில் கிராம் கணக்குப் பார்க்கிற அரசு, கப்பலில் வருகிற டன் கணக்கை ஏன் பார்க்கலை? பட்டாசு இறக்குமதிக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும் வேணும், வெடிபொருள் துறையின் உரிமமும் வேணும். ரெண்டும் இல்லாத சரக்கில் என்ன மருந்து இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அது வெடித்துக் கை போனால் பழி யார் மேல விழும்? "பட்டாசுன்னா சிவகாசி"ன்னு நம்ம மேலதான்!

நூறு வருஷத்துக்கு முன்னால் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, மழை பொய்த்த மண்ணில் அடுப்பெரிய வைத்தார்கள். அந்த அடுப்பை ஒரு பொய்ப் பெயரும் ஒரு பொய் விலையும் அணைக்கப் பார்க்குது.

நாம் கேட்பது நான்கே நான்கு:

👉 தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதங்கள், பொய்ப் பெயருக்குப் பயன்பட்ட பொருள் வகைகளில் சீனாவிலிருந்து வரும் ஒவ்வொரு கண்டெய்னரையும் ஸ்கேன் செய்.

👉 20 ரூபாய் கணக்கை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் லைட்டருக்கு முழுத் தடை விதி.

👉 லைட்டர் உதிரி பாகத்துக்கு யார் யாருக்கு உரிமம் கொடுத்தாய்? பட்டியலை வெளியிடு.

👉 பெயர் மாற்றிப் பட்டாசு இறக்கியவர்களின் இறக்குமதி உரிம எண்ணை நிரந்தரமாக ரத்து செய்.

"அதான் பிடிச்சிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கமென்டில் வருபவர்களுக்கு ஒரே பதில்: திருடனைப் பிடிச்சது சரி. கதவுக்குப் பூட்டு எங்கே?

படித்ததோடு நிறுத்தாதீங்க. பகிருங்கள். டீக்கடை லைட்டர் வரை இந்தக் கேள்வி போகட்டும்.

#சிவகாசிக்கு_நீதி #லைட்டருக்கு_முழுத்தடை