தேக்காவிலிருந்து தொடங்கும் ஆய்வு: எங்கள் கொள்கைப் பிரகடனம்

விநியோகச் சங்கிலி மேலாண்மையைச் சிங்கப்பூரில் படிக்கும், கற்பிக்கும், ஆராயும் தமிழர்களாகிய நாங்கள் தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவில் கூடி அறிவிக்கிறோம்:

இத்துறை நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் உண்டு. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில் தமிழர் ஏராளம். 1972இல் அங்கே முதல் கொள்கலன் கப்பல் வந்தது. 2024இல் இந்நாட்டுத் துறைமுகம் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 4.11 கோடி கொள்கலன்களைக் கையாண்டது. சரக்கைச் சுமந்தவர்களின் பிள்ளைகள் அதன் கணக்கையும் எழுத வேண்டும்.

இன்னும் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. பின்னர் சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுப்பச் சிறப்பு அனுமதி கிடைத்தது. இறக்குமதியாளர் தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கு அரிசியை இருப்பில் வைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆனால் சில்லறைக் கடைக்காரர் எவ்வளவு வைத்தார், யாருக்குக் கடன் கொடுத்தார், எதற்குப் பதில் எதை விற்றார்? விடை தேக்காவின் சிராங்கூன் சாலைக் கடைகளின் கணக்கு நோட்டுகளில் இருக்கிறது. அதைத் தேடிப்போக இளம் ஆய்வாளருக்கு அவகாசமில்லை. அவருடைய பணி நிரந்தரமாவது பெரும்பாலும் ஒருசில ஆய்விதழ்களின் கையில். டல்லாஸிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 24 இதழ்ப் பட்டியலை, ஆய்வை மதிப்பிட உலகெங்கும் வணிகப் பள்ளிகள் பார்க்கின்றன.

எனவே எங்கள் கொள்கைகள்:

1. கடையிலும் கிடங்கிலும் தரவு திரட்டும் உழைப்பு பதவி உயர்வில் கணக்கில் வர வேண்டும். அதற்காக, ஆய்விதழ்கள் எதிர்பார்க்கும் கணிதத்தின் கடுமையைக் குறைக்கக் கேட்கவில்லை.

2. தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆய்வின் முடிவு கடைக்காரருக்குத் தமிழிலும் போய்ச் சேர வேண்டும்.

3. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவருக்கும் கிடங்கு மேற்பார்வையாளருக்கும் முனைவர் பட்டம் வரை வழிகாட்டுவோம். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் செயல்பாட்டு ஆய்வியல் விரிவுரைகள் இந்தியாவின் இணையவழிக் கல்வித் தளமான என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன. அத்தகைய பாடங்களைத் தமிழில் உருவாக்குவோம்.

4. விலையும் கடன் விவரமும் கடைக்காரரின் சொத்து. அவர் சம்மதமின்றி வெளியிடோம். நிறுவனங்களிடம் நிதி பெற்றால் மறைக்கமாட்டோம்.

முதல் பணி: அடுத்த தடை வருமுன், தேக்காவைச் சுற்றிய கடைகளின் அரிசியும் வெங்காயமும் எத்தனை நாள் தாங்கும் என்று கடைக்காரர்களோடு உட்கார்ந்து கணக்கிடுவோம். கணக்கு ஆய்விதழுக்குப் போகுமுன் அவர்கள் கைக்குப் போகும். இதற்கு உடன்படுவோர் அனைவரும் எம்முடன் சேருங்கள்.