ரெண்டு குட்டி, ஒரு தப்புக் கணக்கு

போன வாரம் வகுப்பில் ஒரு நண்பன் செல்போனை நீட்டினான். படத்தில் இரண்டு பிட்புல் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. "அண்ணன் தம்பிடா. ஜோடியா எடுத்தா ரேட்டு கொறைக்கிறாங்க. என்ன பேர் வைக்கலாம், சொல்லு" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். நான் மட்டும், "ஒண்ணுக்குப் பேர் வை, இன்னொண்ணை எடுக்காத" என்றேன். பையனுக்குக் கடுப்பாகிவிட்டது. பத்து நிமிஷ இடைவேளையில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமாவுக்குக் காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம். 2023 பொங்கல் கழிந்த வாரம் ஒரு அட்டைப்பெட்டியில் இரண்டு பிட்புல் குட்டிகளோடு வந்து இறங்கினார். களத்தில் கொப்பரை திருட்டு அதிகம், காவலுக்கு வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடக்க வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம். மாமா பைக் பைத்தியம். அதனால் செவலைக்குப் புல்லட் என்றும், சாம்பல் நிறத்துக்கு ஜாவா என்றும் பேர்.

"எதுக்குங்க மாமா ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணா இருந்தா கத்திட்டே கெடக்கும் மாப்ள. ரெண்டுன்னா ஒண்ணுக்கொண்ணு தொணை. நமக்கும் வேலை பாதிதான்."

இந்த 'வேலை பாதி' என்ற கணக்கில்தான் எல்லாரும் விழுகிறார்கள். நானும் அன்றைக்குத் தலையாட்டினேன்.

குட்டிகளுக்கு அப்போது வயசு 35 நாள். நம் நாட்டில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. யார் பார்க்கிறார்கள்? எட்டு வாரம் தாயிடம் இருக்கிற குட்டி ஒரு முக்கியமான பாடத்தைப் படித்துவிட்டு வரும். ஓங்கிக் கடித்தால் தாய் உறுமும், கூடப் பிறந்தது கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று அங்கேதான் தெரிகிறது. நம் ஆட்கள் அந்தப் பாடம் பாதியில் இருக்கும்போதே குட்டியைத் தூக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்கு 'நம்மாள்'. அந்தக் காலத்தில் மனுஷரோடு பழகாத குட்டி பின்னால் பழகுவது பெரும்பாடு. எங்கள் குட்டிகள் அந்த ஏழு வாரமும் களத்துச் சாளையில் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. நான் பிளஸ் டூ பரீட்சைக்கு வேதியியல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாமா காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை சோறு வைப்பார். அம்மாயி தயிர்சாதம் போடுவாள். அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரிந்த மனுஷ உலகம்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டும் நாலு மாதக் குட்டிகள். அடேயப்பா, என்ன வேகம்! ஒன்று வேட்டியைப் பிடித்தால் மற்றது துண்டைப் பிடிக்கும். தேங்காய் உரிக்க வரும் அக்காக்களின் சேலை கிழிந்ததற்கு மாமா மூன்று முறை தண்டம் கட்டினார். அதில் ஒரு அக்கா தன் நாலு வயசுப் பெண்ணைக் கூட்டி வருவார். ஒரு நாள் இரண்டும் விளையாட்டாகத்தான் அந்தக் குழந்தை மேல் பாய்ந்தன. கடிக்கவில்லை, ஆனால் கீழே விழுந்து நெற்றியில் புடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்த அக்கா வேலைக்கு வரவில்லை. மாமா, "குட்டிங்க வெளையாடுது, இதுக்குப் போயி" என்றார். எனக்கு அது குட்டி விளையாட்டாகத் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு வாரக் கூலி போச்சு, இதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மாத லீவு இருக்கிறது, பழக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். முதல் பதினைந்து நாள் இரண்டையும் சேர்த்தே பழக்கினேன். பலன் பூஜ்யம். "புல்லட்" என்று கூப்பிட்டால் இரண்டும் வரும், இல்லாவிட்டால் இரண்டுமே வராது. 'உட்கார்' என்றால் ஒன்று உட்காரும், மற்றது அதன் காதைப் பிடித்து இழுக்கும், இரண்டும் உருண்டு போகும். மாமா அவர் பங்குக்கு டிவிஎஸ் எக்ஸெலில் சங்கிலியைக் கட்டி ஓட விடுவார், களைத்தால் அடங்கும் என்று. எலும்பு முற்றாத குட்டியை வண்டி வேகத்துக்கு ஓட வைத்தால் மூட்டு கெடும். அதோடு, அடங்கவும் அடங்காது. தினம் ஓட ஓடத் தெம்புதான் கூடும். இரண்டு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்தது முன்னைவிட உரமேறிய அதே வாலுகள்.

அப்போது போலீஸ் நாய்ப்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கொப்பரை வாங்க வந்தார். அரைமணி நேரம் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரெண்டும் உங்களைப் பாக்கவே இல்லீங்க. ஒண்ணையொண்ணுதான் பாக்குது. நீங்க சோறு போடற ஆளு, அவ்வளவுதான்."

அன்றைக்கே பிரித்தேன். தனித்தனிக் கூண்டு, ஒன்றையொன்று பார்க்காதபடி. தனித்தனி நேரம். தட்டில் சோறு வைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாயும் என் கையிலிருந்துதான். பேரைக் கூப்பிட்டு என் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு கோழி. மேலே தாவினால் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வேன், நாலு காலும் தரையில் பட்டதும் திரும்பித் தடவுவேன். கயிறு இழுக்கும் ஆட்டம் பிட்புல்லுக்கு உயிர். அதையே பாடமாக்கினேன். "விடு" என்றதும் விட்டால் மறுபடி இழுக்கலாம், விடாவிட்டால் ஆட்டம் முடிந்தது. (பிட்புல் தாடை பூட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை உண்டு. அப்படி ஒரு பூட்டும் கிடையாது. அது தானாக விடாது, அவ்வளவுதான்.)

ரொம்ப உதவியது ஒரு சில்லறை விளையாட்டு. தேங்காய் மட்டைக் குவியலில் கருவாட்டுத் துண்டுகளை ஒளித்து வைத்துத் தேட விடுவேன். மூன்று கிலோமீட்டர் வண்டியோடு ஓடியும் களைக்காத நாய், இருபது நிமிஷம் மோப்பம் பிடித்ததும் சாளை நிழலில் சுருண்டு படுத்துத் தூங்கியது. மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுத்தால் உடம்பு தானாக அடங்கும் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஜாவா ஒரு மாதத்தில் வேறு நாயாகிவிட்டது. கூப்பிட்டால் வரும், ஆடு போனால் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். புல்லட் மெதுவாகத்தான் வந்தது. தம்பி கண்ணில் படாவிட்டால் எச்சில் ஒழுக, நடுங்கிக்கொண்டு நிற்கும். முரடன் என்று நாங்கள் நினைத்திருந்தது உண்மையில் பயந்தாங்கொள்ளி. கூடப் பிறந்ததுகளைச் சேர்த்து வளர்த்தால் வரும் இந்தக் கோளாறுக்குப் பழக்குநர்கள் வட்டத்தில் ஒரு தனிப் பெயரே உண்டு. டாக்டர்கள் ஒப்புக்கொண்ட வியாதி ஒன்றும் இல்லை, அனுபவத்தில் சொல்வது. நான் கண்ணால் பார்த்ததால் நம்புகிறேன்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு குட்டிக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் இரண்டுக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் இரண்டையும் சேர்த்து, என் பேச்சைக் கேட்டபடி இருக்கப் பழக்க இன்னொரு அரைமணி. பாதி வேலை என்று சொன்னது இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஆகஸ்டில் காலேஜ், ஹாஸ்டல். அந்த மூன்றரை மணி நேரம் அம்மாயி தலையில் விழுந்தது. அறுபத்தெட்டு வயசு. "ஏஞ் சாமி, ஒண்ணப் பூட்டி ஒண்ண அவுக்கறதுக்குள்ள எம் பொழுது போயிருது" என்று போனில் சொல்லுவாள். கொஞ்ச நாளில் மாமா இரண்டையும் பழையபடி ஒரே இடத்தில் விட்டுவிட்டார். நல்லாத்தானே இருக்குது என்றார்.

நன்றாகத்தான் இருந்தன, பதினைந்தாவது மாதம் வரை.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1835-ல் காளையை நாய்விட்டுக் கடிக்க வைக்கும் விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சூதாடிகள் திருட்டுத்தனமான நாய்ச்சண்டைக்கு மாறினார்கள். புல்டாகையும் டெரியரையும் கலந்து வந்த வம்சம் அது, பிறகு அமெரிக்கா போய் பிட்புல் ஆனது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பொறுக்கியது ஒரே குணத்தை: இன்னொரு நாயோடு மோதினால் பின்வாங்கக் கூடாது. மனுஷரைப் பார்த்தால் வாலாட்டுகிற பிட்புல் ஏராளம். ஆனால் இன்னொரு நாய் விஷயத்தில் ரத்தத்தில் இருக்கிற இந்தக் குணம் குட்டியில் தெரியாது. வயசுக்கு வரும்போது, ஒரு வயசுக்கும் மூன்று வயசுக்கும் நடுவில் தலைதூக்கும். கூடவே வளர்ந்த அண்ணன் தம்பி என்றெல்லாம் அது பார்க்காது. இரண்டும் ஆணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜோடி என்பதே எந்த இனத்திலும் கஷ்டம், இந்த இனத்தில் ஜோடி என்பது கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்குவது.

2024 மார்ச். களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொப்பரையில் ஒரு துண்டு உருண்டு வந்து இரண்டுக்கும் நடுவில் நின்றது. அவ்வளவுதான் காரணம். அம்மாயி குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், நடக்கவில்லை. மாமா கையைக் கொடுத்துப் பிரிக்கப் போனார். சண்டை வெறியில் எது எதிரே வருகிறதோ அதில் பல் இறங்கும். மாமாவுக்கு முன்கையில் ஒன்பது தையல், நாய்க்கடி ஊசி தனி. புல்லட்டின் ஒரு காது பாதி போயிற்று. தயவுசெய்து யாரும் நடுவில் கையை விடாதீர்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுப்பது கொஞ்சம் தேவலை என்று அப்புறம் கால்நடை டாக்டர் சொன்னார். விதையடித்துவிடச் சொல்லி அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆம்பளை நாய்க்கு எதுக்கு என்று மாமாதான் மறுத்துவிட்டார்.

அதே மார்ச் 12-ம் தேதிதான் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 23 இன நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பட்டியலில் பிட்புல்லும் உண்டு. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று ஏப்ரல் 10-ம் தேதி கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்றிலிருந்து நண்பர்கள் மத்தியில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, 'எல்லாப் பிட்புல்லையும் ஒழி' என்கிறது. இன்னொன்று, 'கெட்ட நாய் கிடையாது, கெட்ட முதலாளிதான் உண்டு' என்கிறது. இரண்டாவது வசனம் கேட்க அழகு, ஆனால் எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. இனத்துக்கு ஒரு குணமும் இல்லை என்றால் ஆட்டுக்கிடையைக் காக்க ஒரு இனம், முயல் விரட்ட ஒரு இனம் என்று எதற்கு நம்மவர்கள் பிரித்து வளர்த்தார்கள்?

முதல் கட்சிக்கு நான் சொல்வது 2007-ல் அமெரிக்காவில் நடந்தது. மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரத்தின் வர்ஜீனியா வீட்டில் சண்டைக்கு வளர்த்த ஐம்பது சொச்சம் பிட்புல்களைப் பிடித்தார்கள். இப்படிப் பிடிபட்டவற்றைக் கொன்றுவிடுவதுதான் அதுவரை வழக்கம். இந்த முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். 22 நாய்களை யூட்டா மாநிலத்தில் ஒரு காப்பகம் எடுத்துக்கொண்டது. அதிலும் மற்ற இடங்களுக்குப் போனதிலுமாகப் பல நாய்கள் பின்னால் வீட்டு நாய்களாக வாழ்ந்தன. கும்பலாகப் பார்க்காமல் ஒவ்வொரு நாயாகப் பார்த்ததுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டிலும் கடைசியில் அதுதான் நடந்தது. ஒன்றைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. எதை? முரண்டு பிடிக்கிற புல்லட்டைக் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் காது கிழிந்த, பயந்த, முன்கதை உள்ள நாயை யார் வீட்டில் தள்ளுவது? அடுத்தவன் வீட்டுக் குழந்தையைக் கடித்தால்? கொடுக்கத் தகுதியான நாய் ஜாவா ஒன்றுதான். நான் கையால் சோறு ஊட்டிப் பழக்கிய ஜாவா. 2024 ஜூனில், வேறு நாய் இல்லாத ஒரு வீட்டுக்கு, விதையடித்து, தடுப்பூசிச் சீட்டோடு அனுப்பினோம். வண்டியில் ஏறு என்றேன், ஏறி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

புல்லட் இப்போது களத்தில் இருக்கிறது. அதற்கும் விதையடித்தாயிற்று. வெளியே போனால் வாய்ப்பூட்டு. அம்மாயி கூப்பிட்டால் வருகிறது, அவள் கட்டிலடியில்தான் படுக்கை. மாமா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடப்பதை நிறுத்திவிட்டார். வேலையை விட்டுப் போன அந்த அக்கா இன்றுவரை திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் சுருக்கி நண்பனிடம் சொன்னேன். "என் வீட்ல அப்படி ஆகாதுடா" என்றான். ஹூம். சரி, சனிக்கிழமை குட்டி பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எட்டு வாரம் ஆகிவிட்டதா என்று கேட்க வேண்டும், தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். அவன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமை அவன் வகுப்பில் இருப்பான்.