புத்தளத்தில் வீடு இருந்தாலும் ஊர் வடக்கில்தான்

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணம் சோனகத் தெருவாருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். கையில் சில நூறு ரூபாய் விட்டார்கள். நகை, காணி உறுதி எல்லாம் சோதனையில் போயின. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பப் பதிந்தவர்களில் பலர் இன்றும் இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள். 'பதிவு இங்கே, குடியிருப்பு அங்கே' என்று அதிகாரிகளும் அயலவரும் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

திரும்பி வந்தவர்கள் கண்டது என்ன? ஓடு, நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றப்பட்டு, சுவருக்குள் மரம் முளைத்த வீடுகள். 2009க்குப் பிறகு உதவி வழங்கியவர்கள் 2008க்குப் பின் இடம்பெயர்ந்தவர்களுக்கே முன்னுரிமை கொடுத்தார்கள். 'பழைய அகதிகள்' வரிசையின் கடைசிக்குப் போனார்கள். அன்று ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று மூன்று, நான்கு குடும்பங்கள்; காணியோ அதே துண்டுதான். பிள்ளைகளின் படிப்பும் இளையவர்களின் தொழிலும் புத்தளத்தில் வேர்விட்டுவிட்டன. நிரந்தரமாகக் குடியிருந்தால்தான் வீட்டுத்திட்டம் என்றால், வீடே இல்லாதவர் எங்கே குடியிருப்பது? பெற்றோர் முன்னே வர, பிள்ளைகள் அங்கிருந்து வந்துபோவதுதான் இந்த நிலையில் சாத்தியமான திரும்புதல். கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து பூட்டிய வீட்டைத் திறப்பவரை 'ஊருக்கு வந்திருக்கிறார்' என்கிறோம். புத்தளத்திலிருந்து பெருநாளுக்கு வந்து திறப்பவரை மட்டும் 'காணிக்காக வந்தவர்' என்பது எந்த நியாயம்?

தமிழரும் எல்லாவற்றையும் இழந்தவர்கள்தானே, இருக்கிற கொஞ்சத்தையும் பங்கிடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வலி பொய்யல்ல. வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் காணியை இழந்து ஆண்டுக்கணக்கில் முகாமில் கிடந்தவர்களுக்கு, வேறிடத்தில் கூரை கிடைத்ததால் ஊர் உரிமை தீர்ந்துவிட்டதென்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. அதே அளவுகோல் இவர்களுக்கும் பொருந்த வேண்டும். வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. வில்பத்துவை அண்டிய இவர்களது ஊர்களான மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில் மக்கள் இல்லாத இருபது ஆண்டுகளில் வயலும் வளவும் காடேறின. 2012இல் அவை ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. புதிதாகக் காடு வெட்டியவர்கள் யாராக இருந்தாலும் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் எது பழைய ஊர், எது காடு என்பதை உறுதிகளையும் பழைய பதிவேடுகளையும் வைத்துக் கிராமம் கிராமமாகப் பிரித்துப் பார்க்காமல், ஊரோடு சேர்த்து எல்லாரையும் குற்றவாளியாக்குவது சூழல் அக்கறை ஆகாது.

2019 ஜனாதிபதித் தேர்தல் நாளில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற பஸ்கள் வழியில் தாக்கப்பட்டன. அப்படியும் போய் வாக்களித்தவர்களிடம் ஊர்ப் பற்றுக்கு வேறு சான்று கேட்கத் தேவையில்லை. 1990இல் நடந்தது இனச்சுத்திகரிப்பு என்று தமிழ் அரசியல்வாதி சுமந்திரன் சொன்னபோது தமிழர்களான நம்மில் பலர் கோபப்பட்டார்கள். கோபத்தை விட்டு, வடக்கின் தமிழ்க் கட்சிகள் இவர்களது பதிவுக்காகவும் வீட்டுத்திட்டத்துக்காகவும் பிரதேச செயலகங்களில் தாமே முன்னின்று வாதாட வேண்டும்.