மேடையில் ஆட்சியாளர்கள், பார்வையாளர் வரிசையில் மக்கள் பிரதிநிதிகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 24 அன்று தேசிய பஞ்சாயத்து ராஜ் நாள் கொண்டாடப்படுகிறது. 1993ஆம் ஆண்டு அந்நாளில்தான் 73ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் நினைவாக 2010 முதல் ஒன்றிய அரசு இந்நாளைக் கடைப்பிடித்து வருகிறது. ஊராட்சித் தலைவர்களும் உள்ளாட்சி அலுவலர்களும் ஓரிடத்தில் திரட்டப்படுகிறார்கள். ஏனையோர் காணொலி வழியாக இணைக்கப்படுகிறார்கள். நாட்டில் கிராம ஊராட்சிகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். ஊராட்சி அமைப்புகளின் மூன்று அடுக்குகளிலும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். இத்துணைப் பெரிய ஜனநாயகப் படைக்கென்று ஆண்டில் ஒரு நாள் ஒதுக்கப்படுவது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அந்த மேடையில் பேசுவது யார்? பிரதமர் பேசுகிறார்; முதலமைச்சரோ துணைநிலை ஆளுநரோ பேசுகிறார்; ஒன்றிய அமைச்சர்கள் பேசுகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் விருது வாங்க மேடையேறுகிறார், கைகூப்பிவிட்டு இறங்குகிறார். பெருந்தொற்றுக் காலமான 2020இல் சில ஊராட்சித் தலைவர்கள் காணொலியில் பிரதமருடன் உரையாடினர் என்பது உண்மை. தங்கள் ஊரில் செய்தவற்றை எடுத்துரைக்கவே அவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஒன்றிய அரசிடம் கேள்வி கேட்டு, பதில் பெற்றுத் திரும்பும் வாய்ப்பு இதுவரை அந்த மேடையில் உருவாகவில்லை. இதை விழா ஏற்பாட்டின் குறை என்று மட்டும் கருதினால் நாம் அரசியலைத் தவறவிடுவோம்.

மூன்று மேடைகள், ஒரே காட்சி

2022இல் இவ்விழா ஜம்முவின் சாம்பா மாவட்டத்துப் பல்லி கிராமத்தில் நடந்தது. பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதை உள்ளிட்ட சுமார் 20,000 கோடி ரூபாய்த் திட்டங்கள் அங்கே அறிவிக்கப்பட்டன. ஜம்மு காஷ்மீருக்கு அன்று சட்டமன்றம் இல்லை. அங்கே ஜனநாயகம் ஊராட்சிகளில் தழைக்கிறது என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசினர். அந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2024 ஜனவரியில் முடிந்தது. குறித்த காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. மேடை போட்டுப் புகழப்பட்ட மன்றங்கள் ஓசையின்றிக் கலைந்தன.

2023இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் விழா நடந்தது. அவ்வாண்டு இறுதியில் அம்மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். 2018இலும் அதே மாநிலத்தின் மண்ட்லாவில் நடந்தது. அதுவும் தேர்தல் ஆண்டு. 2025இல் பீகாரின் மதுபனி மாவட்டம். மீண்டும் தேர்தல் ஆண்டு. பஹல்காமில் கொல்லப்பட்டவர்களுக்கு மதுபனியில் அஞ்சலி செலுத்தியது முற்றிலும் உரிய செயல். எனினும் அதன் பின் தொடங்கி வைக்கப்பட்டவற்றைப் பாருங்கள்: தொடர்வண்டிகள், எரிவாயு நிரப்பும் ஆலைத் திட்டம், மின்கட்டமைப்புப் பணிகள். இவையெல்லாம் நாட்டுக்குத் தேவைப்படலாம். ஆனால் இவற்றில் எதை முடிவு செய்யும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உண்டு? ஊராட்சிகளின் பெயரால் கூடும் மாநாட்டில், ஊராட்சிகளுக்கு அதிகாரமில்லாத பொருள்களே தலைப்புச் செய்தியாகின்றன.

அதிகாரம் இல்லாதவருக்கு ஒலிவாங்கி எதற்கு?

அசோக் மேத்தா குழுவின் அறிக்கை 1978இல் வெளியானபோது, அதன் உறுப்பினராக இருந்த தோழர் இ.எம்.எஸ். தமது மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாக இணைத்தார். உள்ளாட்சிகளை வளர்ச்சிப் பணிகளோடு நிறுத்திவிட்டு, நிர்வாக அதிகாரத்தை அதிகாரிகளிடம் விட்டுவைக்கும் போக்கை அவர் ஏற்கவில்லை. வளர்ச்சிப் பணி வேறு, நிர்வாகம் வேறு எனப் பிரிக்காமல், ஊராட்சிகளை நாட்டின் ஆட்சியமைப்பின் பிரிக்கவியலாத உறுப்பாகக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். மேலே இரண்டு தளங்களில் ஜனநாயகம், அதற்குக் கீழே அதிகாரிகளின் ஆட்சி என்ற முரண்பாட்டை அவர் தொடர்ந்து சுட்டிக்காட்டினார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அந்த முரண்பாட்டைத் தீர்த்துவிடவில்லை. பதினோராம் அட்டவணை 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. ஆனால் அவற்றுக்கான அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் வழங்கலாம் என்றுதான் 243ஜி பிரிவு கூறுகிறது. வழங்கியே ஆக வேண்டும் என்று கூறவில்லை. நிதியின் நிலையும் இதுவே. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு இரண்டு இலட்சத்து முப்பத்தாறாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே நிபந்தனையிடப்பட்டது. இவை இன்றியமையாத பணிகள்தாம். எனினும் ஓர் ஊரின் முதல் தேவை எது என்பதை அந்த ஊரின் மன்றம் தீர்மானிக்கும் உரிமை எங்கே போயிற்று?

இடதுசாரிகளின் ஆதரவோடு இயங்கிய ஆட்சியில் 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டம், பணிகளில் மதிப்பின்படி பாதியையேனும் கிராம ஊராட்சிகளே நிறைவேற்ற வேண்டும் என்றது; சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவு கைபேசிச் செயலிக்கு மாற்றப்பட்டது. இந்த முடிவு தில்லியில் எடுக்கப்பட்டது. இணைய இணைப்புக் கிட்டாத பணியிடத்தில் கூலி இழந்த பெண்ணுக்கு விடை சொல்லும் பொறுப்பு மட்டும் வார்டு உறுப்பினரின் தலையில் விழுந்தது. அதிகாரம் ஒருவரிடமும் ஏச்சு மற்றவரிடமும் இருக்கும் இந்த அமைப்பில், உள்ளாட்சிப் பிரதிநிதி மேலிருந்து வரும் திட்டங்களின் ஏவலாள் ஆகிறார். ஏவலாளுக்கு அறிவுரைதான் வழங்கப்படும். அவரிடம் கருத்துக் கேட்கப்படுவதில்லை. மாநாட்டு மேடை அந்த உறவின் கண்ணாடி.

நாற்காலியிலிருந்தே தொடங்கும் போராட்டம்

பேசுவதற்கு முன் அமர வேண்டும். அமர்வதற்கு முன் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அரியானா அரசு 2015இல் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பள்ளிக் கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கியது. வீட்டில் கழிப்பறையும் வேண்டும் என்றது. உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை அவ்வாண்டு டிசம்பரில் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கல்வி தர மறுத்த அரசு, கல்வி பெறாத குற்றத்துக்கு ஏழைப் பெண்ணையும் தலித்தையும் தண்டித்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு இல்லாத நிபந்தனை ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு!

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு மேலவளவை நினைவூட்டத் தேவையில்லை. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராகப் பொறுப்பேற்றதற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2020இல், கடலூர் மாவட்டத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்கும் படம் வெளிவந்தது. தமது மன்றத்திலேயே நாற்காலி மறுக்கப்படும் ஒருவர், தேசிய மாநாட்டில் ஒலிவாங்கியைப் பெறுவது எப்போது?

தேர்தலே நடத்தாமல் மன்றங்களை முடக்கும் நோய் எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று. பெங்களூரு மாநகராட்சி 2020 செப்டம்பரிலிருந்தும் மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் கையில் இருந்தன. தமிழ்நாட்டில் 2016இல் முடிந்த ஊராட்சிகளின் பதவிக்காலத்துக்குப் பின் 2019 இறுதிவரை தனி அலுவலர்கள் ஆண்டனர். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மீண்டும் அதுவே நிகழ்ந்தது. ஐந்தாண்டு முடியும் முன் தேர்தல் நடத்த வேண்டும் என்ற 243இ பிரிவு ஏட்டில் உறங்குகிறது.

கருத்தரங்கு இப்படியும் நடந்தது

மாற்று வழி கற்பனையன்று. 1978 ஜூனில் மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு ஊராட்சித் தேர்தலை நடத்தியது. சில மாதங்களிலேயே பெருவெள்ளம் வந்தது. நிவாரணப் பணியில் புதிய ஊராட்சிகள் முன்னிறுத்தப்பட்டன. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே கிராம சபைகள் துறைவாரியாகப் பிரிந்து விவாதித்தன. அவற்றின் பிரதிநிதிகள் ஊராட்சி அளவிலான வளர்ச்சிக் கருத்தரங்கில் கூடினர். அலுவலர்கள் ஆவணங்களோடு விடை சொல்ல வந்தனர். நிதி கையில் இருந்ததால் பேச்சுக்குப் பொருள் இருந்தது, பேசியது திட்டமாயிற்று. குறைகள் அங்கும் உண்டு. பிற்கால வங்கத்தில் ஊராட்சிகள் மக்களிடமிருந்து விலகிய அனுபவத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கிராம சபை பேசுவதை நிறுத்தும்போது ஊராட்சி அலுவலகமாகச் சுருங்கிவிடும் என்பதே அதன் படிப்பினை.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. உள்ளாட்சிகளுக்கான ஆண்டு மாநாட்டில் பாதி நேரமேனும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் தலித், பழங்குடி உறுப்பினர்களுக்கும், ஒதுக்கப்பட வேண்டும். அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சர்கள் அதே மேடையில் விடையளிக்க வேண்டும். முந்தைய ஆண்டுக் கேள்விகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை அறிக்கையாக வைக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரப் பரவல் மாநில அரசின் விருப்பமாக அல்லாமல் கட்டாயமாக வேண்டும்.

பிறரிடம் கோருவதற்கு முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். உள்ளாட்சிப் பொறுப்பில் இருக்கும் நம் தோழர்களுக்காக நாம் நடத்தும் பயிற்சி முகாம்களில் என்ன நடக்கிறது? தலைவர்கள் காலை முழுவதும் பேசுகிறார்கள். வார்டு உறுப்பினர்கள் குறிப்பெடுக்கிறார்கள். மாலையில் கருத்துச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்கிறது. குடிநீர்க் குழாய்க்காக ஒன்றிய அலுவலகத்தில் மூன்று மாதம் அலைந்த பெண் தோழருக்குத் தெரிந்த அரசு எந்திரத்தை நம் உரையாளர்களில் பலர் அறிந்திரார். அடுத்த முகாமில் முதல் உரையை அவர் நிகழ்த்தட்டும், நாம் குறிப்பெடுப்போம்.